எலி தின்னிக்குக் குரங்கு தின்னி எழுதுவது

வுசாகிலே, கிட்வே
4 மார்ச் 2012

எலி தின்னும் இனத்தின் ஈடு இணையற்ற கிட்டார் வித்வான் லெவிசன் ஜெரே தாத்தாவுக்கு,

குரங்கு தின்னும் இனத்தைச் சேர்ந்த லோம்பே எழுதுவது. நலமா? உங்கள் வயல் எலிகள் கொழுகொழுவென்று நலமா? இங்கே எல்லோரும் நலம், குரங்குகளைத் தவிர.

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் போனிஃபேஸ் கம்பம்பாவின் பேத்தி. வயது பதினாறு. நீங்கள் ங்கோனி, நாங்கள் பெம்பா. நம் முன்னோர்கள் ஈட்டியால் குத்திக்கொண்டு ஓய்ந்துபோய், இனிமேல் நாக்கால் மட்டும் குத்திக்கொள்வோம் என்று கேலி முறை கொண்டாடியவர்கள். ஆகவே முன்பின் தெரியாத பெரியவரை முதல் வரியிலேயே எலி தின்னி என்று கூப்பிட எனக்குப் பிறப்புரிமை உண்டு. கோபித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

விஷயம் இதுதான். ஜெர்மனியிலிருந்து ராய்னர் என்று ஒருவர் வந்திருக்கிறார். பழைய ரெக்கார்டுகளைத் தோண்டியெடுத்து மறுபடி வெளியிடுகிற சின்னக் கம்பெனிக்காரர். நீங்களும் தாத்தாவும் 'சென்டா' குழுவில் 1975-ல் போட்ட 'மூன்றாம் ஷிஃப்ட்' ஆல்பத்தைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார். (தாமிர உலைப் புகையின் பெயரைப் போய் ராக் குழுவுக்கு வைத்தது யார் ஐடியா? கேட்டால் சென்ட், முகர்ந்தால் இருமல்.)

அவர் வந்த அன்று தாத்தா காலையிலிருந்தே கோட் போட்டுக்கொண்டு சோபாவில் தயாராக இருந்தார். ராய்னர் கை கொடுத்தார், உட்கார்ந்தார், முதல் கேள்வி கேட்டார்: "அந்த கிட்டார்காரர் எங்க இருக்கார்?"

"நான்தான் பாடகன். பாட்டெல்லாம் எழுதினவனும் நான்தான்," என்றார் தாத்தா.

"ஆமா, ஆமா, ரொம்ப சந்தோஷம். கிட்டார்ல அந்தக் கரகரப்பு எப்படிக் கொண்டுவந்தார்? உயிரோட இருக்காரா?"

"எலி செத்தா ஊரே நாறும். நாறல. அப்ப உயிரோடதான் இருக்கான்."

ராய்னர் அதையும் எழுதிக்கொண்டார். தாத்தா எழுந்து சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார் பாருங்கள், இனி உங்கள் குழுவுக்கு டிரம்ஸ்காரர் தேவையில்லை.

ஆகஸ்டு 25, சனிக்கிழமை, சுரங்கக் கிளப் மண்டபத்தில் வெளியீட்டு விழா. இரண்டு பேரும் மேடையில் நின்றால்தான் விழா என்கிறார் ராய்னர். உங்களுக்கு எழுதச் சொன்னால் தாத்தா, "வழி தெரியாதவனா அவன்?" என்கிறார். போன் செய்யலாமென்றால், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று உங்கள் காது போய்விட்டதாம். அதனால்தான் காகிதம். வருவீர்களா?

இப்படிக்கு,
கேட்காத காதுக்கு, யாரையும் கேட்காமல் எழுதும்
லோம்பே


சிபாடா அருகில்
29 மார்ச் 2012

மதிப்பிற்குரிய செல்வி லோம்பே கம்பம்பா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்களும் குடும்பத்தாரும் நலமென அறிந்து மகிழ்ச்சி. இறையருளால் நானும் நலம். இந்த வருடம் மழை போதுமான அளவு பெய்தது.

மரியாதைக்குரிய திரு. கம்பம்பா அவர்களின் ஆல்பம் மீண்டும் வெளிவருவது பெருமைக்குரிய செய்தி. அவருக்கு என் வாழ்த்துகளைத் தெரிவிக்கவும். ஆகஸ்டில் சோள அறுவடை இருப்பதால் விழாவுக்கு வர இயலாததற்கு வருந்துகிறேன்.

ஒரு சிறு விவரம். புதிய வெளியீட்டிலும் 'மூன்றாம் ஷிஃப்ட்' பாட்டு பழையபடியேதான் முடிகிறதா? சும்மா கேட்டேன். நான் கேட்டதாகத் திரு. கம்பம்பா அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
எல். ஜெரே


கிட்வே
15 ஏப்ரல் 2012

ஆகஸ்டு மாதத்தில் சோளம் அறுக்கும் ஒரே சாம்பியாக்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். எனக்கு நலமறிய ஆவலில்லை, நடந்ததறிய ஆவல்.

எலி தின்பவரின் கடிதத்தில் ஒரு கடிகூட இல்லையே! அதைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். 'மரியாதைக்குரிய' என்ற இடத்தில் சோளக்களியை உருட்டிக்கொண்டிருந்த தாத்தாவின் கை நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"பாத்தியா? எவ்வளவு கேவலமாத் திட்டியிருக்கான் பாத்தியா?"

"வாழ்த்துதானே தாத்தா சொல்லியிருக்காரு?"

"கேலி முறைக்காரன் மரியாதை குடுத்தா என்ன அர்த்தம்? நீ எனக்கு யாரோன்னு அர்த்தம். முன்னெல்லாம் அவன் என்னைக் குரங்கேன்னு கூப்பிடாம பல்லு வெளக்கினதில்ல."

முன்னெல்லாம் என்றால் எதற்கு முன் என்று விடாமல் பிடித்தேன். நைரோபிக்கு முன்னாம். நீங்கள் ரெக்கார்டு செய்யப் போனீர்களே, அந்த நைரோபி.

"ரெக்கார்டுல ஒரு பக்கத்துக்கு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல திணிச்சா சத்தம் செத்துடும். அவன் கடைசிப் பாட்டுல, அந்த 'மூன்றாம் ஷிஃப்ட்'டுல, வாசிச்சான் வாசிச்சான், நைரோபியில ஆரம்பிச்சு மொம்பாசா வரைக்கும் வாசிச்சான். ஒண்ணு அவன் கிட்டார் போகணும், இல்ல என் மூணாவது சரணம் போகணும். யாராவது முடிவெடுக்கணும்ல?"

"யார் எடுத்தா?"

"ஒலிப்பதிவு பண்றவன்."

"அவர்கிட்ட யார் சொன்னா?"

"களி ஆறுது, தின்னு."

ஆனால் ஒரு செய்தி. வெட்டாத நாடா கிடைத்திருக்கிறது! உங்கள் கிட்டார் முழுசாக அதில் இருக்கிறது. புது வெளியீட்டில் அதையும் சேர்த்தே தீருவேன் என்று ராய்னர் குதிக்கிறார். நான் அதைக் கேட்டுக் கேட்டு என் கிட்டாரில் வாசிக்கப் பழகுகிறேன். பாதி வந்துவிட்டது.

தாத்தா நலமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சரிக்குச் சரி.

இப்படிக்கு,
பாதி ஜெரே, மீதி லோம்பே


சிபாடா அருகில்
20 மே 2012

லோம்பேக்கு,

நலம். நலமா.

அவர் சொன்னதை எழுதினாய். நான் கேட்டதை எழுதுகிறேன்.

அந்த ரெக்கார்டை முதன்முதலில் என்டோலாவில் ஒரு கடையில் கேட்டேன். இதில் கிட்டார் நான்தான் என்று கடைக்காரரிடம் சொல்லி, பெருமையாகப் போடச் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். கடைசிப் பாட்டு. என் கிட்டார் மேலே மேலே ஏறத் தொடங்கும் இடம், என் விரல்கள் ஏணியில் கால் வைக்கும் இடம் வருகிறது. வைத்தவுடன் அவர் குரல் உள்ளே நுழைகிறது. பேசிக்கொண்டிருப்பவனின் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல. பாட்டு முடிந்தது. கடைக்காரர், "இதுல நீங்க எங்க?" என்றார்.

அதன்பின் இரண்டு வருடம் அதே குழுவில், அதே மேடையில் வாசித்தேன். ஒருநாள்கூட அவரைக் கேலி செய்யவில்லை. நான் கேலி செய்யும் ஆள் எனக்கு உறவு. அந்த மேடையில் எனக்கு உறவென்று யாரும் இருக்கவில்லை.

பிறகு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கேயும் ரேடியோவில் அந்தப் பாட்டு வரும். பஸ்ஸில் வரும். கல்யாணத்தில் வரும். எல்லோரும் அந்த மூன்றாவது சரணத்தை மட்டும் கூடவே பாடுவார்கள். காது போனது ஒருவகையில் வசதிதான்.

வெட்டாத நாடாவை இத்தனை வருடம் யார் வைத்திருந்தார்கள்? பூஞ்சை பிடிக்கவில்லையா?

இன்னொன்று. அதை நீ வாசிக்காதே. அது என்னுடையது. பதினாறு வயதுப் பெண்ணிடம் இப்படிச் சொல்வது பெரியவனுக்கு அழகில்லை என்று தெரியும். தெரிந்தும் சொல்கிறேன். வாசிக்காதே.

ஜெரே


கிட்வே
10 ஜூன் 2012

ஏணியிலிருந்து இறங்க மறுக்கும் எலிக்கு,

நீங்கள் நலமென்று தெரிகிறது. பொறாமைப்படத் தெம்பு இருக்கிறதே!

நாடாவை வைத்திருந்தது தாத்தா. வேறு யார்? அவருடைய இரும்புப் பெட்டியில், கல்யாணக் கோட்டுக்கு அடியில், சோளமாவு வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். "இவ்வளவு சுத்தமான நாடாவ நான் பாத்ததே இல்ல," என்று ராய்னர் வாயைப் பிளந்தார். "அது மறந்துபோய்க் கெடந்துச்சு," என்றார் தாத்தா. மறந்துபோன பொருளுக்கு மழைக்காலம்தோறும் பை மாற்றுவது எந்த ஊர் மறதி என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பை போன வருஷத்து மாவுப் பை.

ராய்னர் எங்கள் வீட்டிலேயே முழு நாடாவையும் ஓடவிட்டார். உங்கள் கிட்டார் ஏறத் தொடங்கியதும் தாத்தா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அங்கே நின்று, தாமிர உலைக் கசடு கொட்டிக் கொட்டி எழுந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் உள்ளே வந்து, "நல்லாத்தான் வாசிச்சிருக்கான். அதான் பிரச்சினை," என்றார்.

ஒத்திகை நடக்கிறது. பக்கத்துத் தெருப் பையன்கள் டிரம்ஸும் பேஸும். தாத்தா இரண்டு சரணம் பாடுவார், நிறுத்துவார், "கரண்ட் போச்சு" என்பார். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இன்னொரு நாள் மைக் சரியில்லை. இன்னொரு நாள் பையன்கள் சரியில்லை. இதற்குமேல் இதைப்பற்றி நான் எழுதக் கூடாது.

வாசிக்காதே என்றீர்கள். வாசிப்பேன். உங்களுடையதென்றால் வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முக்கால் ஜெரே


கிட்வே
8 ஜூலை 2012

காதோடு கையும் போய்விட்ட தாத்தாவுக்கு,

நான் எழுதி நாலு வாரம் ஆகிறது. பதில் இல்லை. உங்கள் பேனாவை எலி தின்றுவிட்டதா, எலியை நீங்கள் தின்றதற்குப் பழிவாங்கலா?

தினமும் தபால்பெட்டிக்குப் போய் வருகிறேன். தாத்தா எதுவும் கேட்பதில்லை. ஆனால் நான் திரும்பும் நேரத்துக்குச் சரியாக வாசலில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறார். எனக்கே உங்கள்மேல் பொறாமையாக இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

வாருங்கள். ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

லோம்பே


கிட்வே
26 ஜூலை 2012

ஜெரே தாத்தாவுக்கு,

தாத்தா நேற்றுக் காலமானார். லண்டனிலிருந்து சித்தப்பா வர வேண்டும். அடக்கம் புதன்கிழமை.

சிபாடா பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவரிடமே கொடுக்கலாம்.

குழியருகில் நின்று அவரைக் கேலி செய்ய முறைப்படி ஒரு ங்கோனி வேண்டும். வேறு யாரையும் நாங்கள் கூப்பிடவில்லை.

லோம்பே


சிபாடா அருகில்
28 ஜூலை 2012

மறைந்த திரு. போனிஃபேஸ் கம்பம்பா அவர்களின் குடும்பத்தாருக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் இறைவன் ஆறுதல் தருவாராக.

நான் வரவில்லை. உயிரோடு இருந்தவரை இத்தனை வருடம் கேலி செய்யாதவன், குழியருகில் வந்து கேலி செய்தால் அது திருட்டு. அந்த உரிமையை நானே விட்டுவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இனி அவருக்குத் தெரியப்போவதில்லை. என்டோலாக் கடையில் நடந்ததை லோம்பேக்கு எழுதினேன். முழுவதும் எழுதவில்லை. "இதுல நீங்க எங்க?" என்று கேட்ட கடைக்காரர், என் பதிலுக்குக் காத்திராமல் முள்ளைத் தூக்கி அந்த மூன்றாவது சரணத்தில் மறுபடி வைத்தார். கடையில் இருந்தவர்கள் அசையவில்லை. நானும் அசையவில்லை. என் கிட்டாரைவிட அது நன்றாக இருந்தது. அநியாயம் நடந்திருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன். நடந்தது நியாயம். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவருடையதைப்போல ஒரு குரல் எனக்கு இருந்திருந்தால் நான் கிட்டாரைத் தொட்டிருக்கவே மாட்டேன். காது போனபோது எல்லாச் சத்தமும் போயிற்று, என் கிட்டார் உட்பட. அந்தச் சரணம் மட்டும் போகமாட்டேன் என்று உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

நிகரில்லாத பாடகர். மரியாதைக்குரிய மனிதர்.

தங்கள் துயரில் பங்குகொள்ளும்,
எல். ஜெரே


கிட்வே
6 ஆகஸ்டு 2012

எலி தின்னி லெவிசனுக்கு,

செத்துப்போன போனிஃபேஸ் எழுதுவது. நான் நலம். நீ நலமாக இல்லாதிருக்க வேண்டுகிறேன்.

எல்லாம் என் பேத்தியின் வேலை. சாவென்றால் எந்தக் கேலி முறைக்காரனும் வந்துதான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பஸ் டிரைவர் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று வேறு நம்பியிருக்கிறாள். மறுநாளே சர்ச் பெண்கள் சாவு வீட்டுச் சமையலுக்கு விறகும் மாவு மூட்டையுமாக அழுதுகொண்டே தெருவில் திரும்பினார்கள். நான் வாசலில் உட்கார்ந்து கருவாடு தின்றுகொண்டிருந்தேன். முன்னால் வந்த அம்மாள் விறகைப் பொத்தென்று போட்டு, "இவ்வளவு தூரம் சொமந்துட்டு வந்திருக்கோம், நீங்க பாட்டுக்கு உக்காந்து தின்னுக்கிட்டிருக்கீங்களே!" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். லோம்பே இன்னும் அந்த விறகை வீடுவீடாகத் திருப்பிச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

அவள் சின்னப் பெண். போகட்டும். நீ? டிரைவர் உன் கடிதத்தை என் கையிலேயே கொடுத்தான். படித்தேன். என்னைப் புகழ்ந்திருக்கிறாய். என் பிணத்தைப் புகழ்ந்திருக்கிறாய்! என் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு எழமாட்டேன் என்று அடம்பிடிக்க வேண்டியவன். என் செருப்பை மாட்டிக்கொண்டு என் நடையை நடந்து காட்ட வேண்டியவன். கோழி கொடுத்தால்தான் பெட்டியை விடுவேன் என்று வழிமறிக்க வேண்டியவன். 'ஆழ்ந்த வருத்தம்' என்று எழுதுகிறாயாடா? உனக்குக் காது மட்டும்தான் போனது என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சரணத்தைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை இரண்டாவது முறையும் படித்தேன். மூன்றாவது முறையும் படித்தேன். சரிதான், உண்மையைத்தான் எழுதியிருக்கிறாய். நான் சாகாமல் இருக்கும்போது அதைச் சொல்ல உனக்கு என்ன கேடு?

நாடாவை யார் வைத்திருந்தது என்று கேட்டாயாம். எரிக்கத்தான் எடுத்து வைத்தேன். ஒருமுறை கேட்டுவிட்டு எரிக்கலாம் என்று கேட்பேன். அப்புறம் அந்த வருஷம் எரிக்க மனசு வராது.

இப்போது நான் சொல்லப்போவதை யாரிடமும் சொல்லாதே. லோம்பேக்குத் தெரியும். எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன், அதை மட்டும் காப்பாற்றியிருக்கிறாள். என் நுரையீரல் முழுக்க உலைப் புகை என்கிறார் டாக்டர். இரண்டு சரணம் பாடுகிறேன். மூன்றாவதற்கு மூச்சு இல்லை. நீ புகழ்ந்த அதே சரணத்துக்கு. அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது.

அங்கே என்ன செய்வது என்று ராய்னர் கேட்டார். லோம்பே கிட்டார் வாசிப்பாள் என்று சொல்லிவிட்டேன். முழுசும் கற்றுக்கொண்டுவிட்டாள். ஏறும்போது நடுவில் ஒரு இடத்தில் உன் விரல் தடுமாறுமே, அங்கே அவள் தடுமாறுவதில்லை. நைரோபியில் நீ வாசித்ததை இந்த ஊர் ஜனங்கள் முதன்முதலாக அவள் கையிலிருந்துதான் கேட்கப் போகிறார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பத்திரிகையில் அவள் படம் வரும். நீ வீட்டிலேயே இருந்து உன் ஆகஸ்டு சோளத்தை அறுத்துக்கொள்.

உயிரோடு இருக்கும்,
போனிஃபேஸ்


சிபாடா அருகில்
14 ஆகஸ்டு 2012

குரங்கு தின்னி போனிஃபேஸுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. பிணத்திடம் விசாரிக்க என்ன இருக்கிறது?

நீ சாகவில்லை என்று தெரிந்ததும் ஊர் முழுக்க வருத்தம். உன் குழியில் படுக்க என் மருமகனின் நல்ல சட்டையைக் கடன் கேட்டு வைத்திருந்தேன் என்று பெருமைக்குச் சொல்லலாம், சொன்னால் பொய். உன் சாவுச் செய்தி வந்ததும் மூன்று நாள் வயலுக்கே போகவில்லை. அந்தப் பெண்ணை ஒரு கை பார்க்க வேண்டும்.

அவளிடம் சொல்: அந்த இடத்தில் என் விரல் தடுமாறவில்லை. அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று வாசித்தேன். அதைத் தவறென்று நினைத்துத் திருத்துகிறவள் என் பாட்டைத் தொடக் கூடாது. மேடைக்குக் கீழே நின்று கை தட்டட்டும்.

இருபத்திமூன்றாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். விறகை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடாதே, எனக்குச் சமைக்க வேண்டும். கோழி வேண்டும். நீ சாகாததால் அந்தக் கோழி எனக்கு இல்லை என்றாகிவிடாது.

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. டிரம்ஸ் அடித்தால் மேடைப் பலகை அதிர்வது என் காலுக்குத் தெரியும். நீ பாடுவது எனக்குக் கேட்காது. இரண்டு சரணம் எங்கே முடிகிறது, உனக்கு எங்கே மூச்சு நிற்கிறது, எதுவும் தெரியாது. அதனால் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன் வாயையே பார்த்தபடி நிற்பேன். அது மூடியதும் தொடங்குவேன்.

முப்பத்தேழு வருஷமாக அது எப்போது மூடும் என்றுதானே காத்திருக்கிறேன்.

லெவிசன்